ஜவாஹிறா மேயரிடம் கேட்டது

கொட்டாஞ்சேனைப் புளியந்தோட்டத்தில் ஜவாஹிறாவை ‘மேயர் ராத்தா’, அதாவது மேயர் அக்கா, என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே அல்ல, அவள் தாண்டிப் போன பிறகு. தோட்டம் என்றதும் ஒருவருக்கு மரமும் நிழலும் கண்ணில் வந்தால் அவர் கொழும்புக்குப் புதியவர் என்று அர்த்தம். இங்கே தோட்டம் என்பது ஒடுங்கிய ஒரு வழி, இரண்டு பக்கமும் ஒட்டி ஒட்டிக் கட்டிய அறைகள், நடுவில் சாக்கடை ஓடும் திறந்த கான், கோடியில் இத்தனை குடும்பத்துக்கும் ஒற்றைத் தண்ணீர்க் குழாய். புளியமரத்தை யாரோ எப்போதோ வெட்டி விறகாக்கிவிட்டார்கள்.

அந்தத் தோட்டத்தின் நடு அறை ஒன்றில் ஜவாஹிறாவும் அவள் புருஷன் மஷூரும் இருந்தார்கள். மஷூர் மெயின் வீதித் தையல் கடையொன்றில் கோட்டுத் தைப்பவன். வெள்ளைக்காரத் துரைமாருக்கு அளவெடுத்த கதைகளை வீட்டுக்கு வந்து நடித்துக் காட்டுவான். அவள் காலையில் இடியப்பம் அவித்துக் கதவடியில் வைத்து விற்பாள். பிள்ளை இல்லை. பிள்ளை இல்லாத வீட்டில் பேச்சு குறைந்துவிடும் என்பார்கள். இவர்கள் வீட்டில் அது நேர்மாறு. வாய் ஓயாமல் கதைப்பார்கள், வாய் ஓயாமல் சண்டையும் பிடிப்பார்கள். பக்கத்து அறை மீனாள், செட்டியார் வீடொன்றில் சமையலுக்குப் போகிறவள், சுவரைத் தட்டி, “கொஞ்சம் மெதுவா சிரிங்க, புள்ள தூங்குது” என்பாள்.

உலக யுத்தம் முடிந்த மறு வருஷம் தோட்டத்தில் இரண்டு வீடுகளில் வைசூரி கண்டது. நகரசபையின் சுகாதாரப் பகுதியார் வந்தார்கள். நோயாளிகளை வண்டியில் ஏற்றினார்கள், சுவரெல்லாம் சுண்ணாம்பு அடித்தார்கள், உள்ளே இருப்பவர் வெளியே போகவோ வெளியே இருப்பவர் உள்ளே வரவோ கூடாதென்று வழியின் வாயில் ஒரு கொன்ஸ்டபிளை நிறுத்தினார்கள். அதுவரை கான் நாறியபோது வராத நகரசபை, குழாய் வற்றியபோது வராத நகரசபை, மறிப்பதற்கு மட்டும் பொழுது விடியுமுன் வந்து நின்றது என்று மஷூர் சொல்லிச் சிரித்தான். அவன் சிரித்ததில் அதுதான் கடைசி.

ஒரு காலையில் அவனுக்கு வயிற்றில் வலி கண்டது. அம்மையும் இல்லை, காய்ச்சலும் இல்லை. அடிவயிற்றின் வலது பக்கம், கத்தியால் கீறுவது போல. மத்தியானத்துக்குள் பாயில் சுருண்டு உருளத் தொடங்கினான். ஜவாஹிறா தலையில் முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டு வழியின் வாய்க்கு ஓடினாள். வெளியே வீதியில் ரிக்‌ஷாக்கள் நின்றன. கூப்பிட்டால் வரும் தூரம். கொன்ஸ்டபிள் தடியைக் குறுக்கே பிடித்தான். மீசை சரியாக முளைக்காத சிங்கள இளைஞன்.

ஜவாஹிறாவுக்கு மீன்காரியோடும் மரக்கறிக்காரியோடும் பேசிப் பழகிய சிங்களம் உண்டு. கெஞ்சினாள், திட்டினாள், மறுபடி கெஞ்சினாள். மேலிடத்து உத்தரவு, மீறினால் வேலை போய்விடும் என்றான் அவன். வீட்டுக்கு ஓடி, மஷூரின் முகத்தைப் பார்த்து, திரும்பி ஓடிவந்தாள். அவள் முகத்தில் அவன் எதைக் கண்டானோ, தடியைக் கீழே போட்டுவிட்டு, கேட்டு வருகிறேன் என்று பொலிஸ் நிலையத்துக்கு ஓடினான். அவன் வரும்வரை, மறித்த தோட்டத்துக்குள் வர ஒரு ரிக்‌ஷாக்காரனும் துணியவில்லை. அங்கிருந்து சுகாதாரப் பகுதிக்கு டெலிபோன் போட்டுக் கேட்டவன் மூச்சிரைக்கத் திரும்பி வந்து சொன்ன செய்தி இது: வழி முந்தின நாளே திறந்தாகிவிட்டதாம். புது நோயாளி இல்லை, காவலை எடுக்கலாம் என்று முடிவாகிவிட்டதாம். அவனுக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

அவன் அதைச் சொன்னபோது மஷூர் மூச்சடங்கி மௌத்தாகி இருந்தான். கொன்ஸ்டபிள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று அழுதான். திறந்த வழியால் அன்று முதலில் போனது, தோளில் சுமந்த மஷூரின் ஜனாஸாதான்.

ஜவாஹிறா இத்தாவில் இருந்தாள். புருஷனை இழந்த பெண் வெள்ளை உடுத்தி, அந்நிய ஆணின் முகம் பாராமல், நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள் இருப்பது மார்க்கம். முதல் கிழமை ஏழு நாளும் வீடு நிறையப் பெண்கள் இருந்தார்கள். ஓதினார்கள், அழுதார்கள், சமைத்துப் போட்டார்கள். பிறகு அவரவர் வீட்டுப் பாடு அவரவருக்கு. மாளிகாவத்தையில் இருந்த அவள் தம்பி அரிசி அனுப்பிவைத்தான். மீனாள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். மற்றபடி திரைச்சீலை போட்ட கதவும் சுண்ணாம்பு அடித்த சுவரும்தான். காலையில் எழுந்ததும் அவனிடம் சொல்ல ஏதாவது வாயில் வந்துவிடும். சொல்ல வாயெடுத்த பிறகுதான் ஞாபகம் வரும். தனிமை என்றால் ஆள் இல்லாதது என்று அவள் நினைத்திருந்தாள். சொல்ல வந்த பேச்சு தொண்டையிலேயே நின்றுபோவது என்று அப்போதுதான் தெரிந்தது.

வெளியே ஊர் பேசியது. பத்திரிகைகள் எழுதின. காவலை எடுத்ததை நகரசபை எங்களுக்குச் சொல்லவில்லை என்றது பொலிஸ். பொலிஸ் எங்கள் கையில் இல்லை, அவர்கள் அல்லவா கேட்டுத் தெரிந்திருக்க வேண்டும் என்றது நகரசபை. இரண்டு பேரும் பந்தை உதைத்து விளையாடினார்கள். கடைசியில் மேயரே காரில் தோட்டத்துக்கு வந்தார். ஜவாஹிறா திரைக்குப் பின்னால் நின்று கேட்டாள். அவர் சிங்களத்தில் பேச, பள்ளிவாசல் தர்மகர்த்தா அலவி ஹாஜியார் தமிழில் சொன்னார். விசாரணை நடக்கும், மேயரே முன்னால் இருந்து கேட்பார், குடும்பத்தார் வந்து சொல்வதைக் கேட்டுத்தான் முடிவு. இதை அவள் தன் இரண்டு காதாலும் கேட்டாள்.

அன்றைக்கே ஒத்திகை தொடங்கிவிட்டாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்து, முதலில் தமிழில், பிறகு சிங்களத்தில். என்ன நேரம் வலி கண்டது, ரிக்‌ஷா எங்கே நின்றது, கொன்ஸ்டபிள் என்ன சொன்னான். அழாமல் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் பொம்பிளை அழுகிறாள் என்று தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அழுகை வரும் இடத்தில் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள். கடைசியில் ஒரே ஒரு கேள்வி: அந்தப் பொடியனுக்குச் சொல்லியிருக்க வேண்டியவர் யார்? நஷ்டஈடு அவள் மனதில் இல்லை. யாரையும் தூக்கில் போடவும் அவள் கேட்கவில்லை. யார் என்று தெரியவேண்டும், அவர் தன் வாயால் சொல்லவேண்டும். அது தெரியாதவரை மஷூர் செத்தது சும்மா செத்ததாகிவிடும் என்று அவளுக்குப் பட்டது.

இடையில் ஒரு நாள் வெளியே மண்வெட்டிச் சத்தம் கேட்டது. கானை மூடிக் கட்டுகிறார்கள் என்றாள் மீனாள். இன்னொரு நாள் குழாய் கொண்டுவந்தார்கள். தோட்டத்தின் நடுவில் ஒன்று, வாயில் ஒன்று. தண்ணீர் கொட்டும் சத்தமும் பிள்ளைகளின் கூச்சலும் திரைக்குள் வந்தன. நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டாள். விசாரணையில் இந்தக் கானைப் பற்றியும் சொல்ல நினைத்திருந்தாள், அந்தப் பகுதியை ஒத்திகையிலிருந்து எடுத்துவிட்டாள்.

இத்தா முடிந்தது. குளித்து, நிறச் சேலை உடுத்தி, தம்பி மனைவியை அழைத்துக்கொண்டு நேரே அலவி ஹாஜியார் வீட்டுக்குப் போனாள். ஹாஜியார் நல்ல மனிதர். அதை முதலிலேயே சொல்லிவிடவேண்டும், ஏனென்றால் இனி வருவதைக் கேட்டால் நமக்குக் கோபம் வரும்.

“ஹாஜியார், விசாரண எப்ப வெச்சீக்கி?”

“அது முடிஞ்சிதானே மகள்.”

“எப்படி முடியும்? என்னக் கூப்பிடவே இல்லையே.”

“கூப்பிட்டாங்க. நீங்க இத்தாவில ஈக்கிறீங்கண்டு நான் சென்ன. இத்தாவில ஈக்கிற பொண்ண அந்நிய ஆம்பிளயள் முன்னால கொண்டு வந்து நிப்பாட்டச் செல்றாங்களேண்டு எனக்கு ரோசம் வந்த. எல்லாம் அல்லாட நாட்டம், குடும்பத்தாருக்கு முறைப்பாடு ஒண்டும் இல்லண்டு சென்னேன்.”

“முறைப்பாடு இல்லண்டு நான் எப்ப சென்ன?”

ஹாஜியார் தாடியைத் தடவினார். மேயர் அதைக் கேட்டு எழுந்து நின்று கைகொடுத்ததையும், அந்த மரியாதையில் கானும் குழாயும் தோட்டத்துக்குக் கிடைத்ததையும் சொன்னார். காதும் காதும் வைத்த மாதிரி காரியம் முடிந்திருந்தது. தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும், அவளைத் தவிர.

“ஹாஜியார், கட்டாயத் தேவைக்கு இத்தாவிலயும் பகல்ல வெளியிறங்க ஏலும்தானே?”

“ஏலும் மகள். எனக்கு அப்ப அது தோணல்ல.”

அவளுக்கும்தான் தோன்றவில்லை. திரைக்குப் பின்னால் இருந்து ஆள் அனுப்பிக் கேட்டிருக்கலாம். தனக்காகக் காத்திருப்பார்கள் என்று நம்பிச் சுவரோடு பேசிக்கொண்டிருந்தாள். அந்த வெட்கம் அவள் கோபத்தைக் குறைக்கவில்லை, கூட்டியது.

மேயரைப் பார்க்கப் போகிறேன் என்று அவள் சொன்ன நாளில் தோட்டம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. கிளறினால் குழாயைப் பிடுங்கிவிடுவார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். இடியப்பம் வாங்க வந்தவர்கள் வேறு கதவுக்குப் போனார்கள். அவித்ததை அவளே இரண்டு வேளையும் சாப்பிட்டாள். புதுக் குழாயடிக்கு அவள் குடத்தோடு போனால் பேச்சு நின்றுவிடும். யாரும் ஒரு வார்த்தை கெட்டதாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் திருப்பிச் சொல்லியிருப்பாள், மனசாவது ஆறியிருக்கும். மீனாள் மட்டும் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, “விட்டுறேன்க்கா, போனவரு திரும்பியா வரப்போறாரு?” என்றாள்.

நகரசபை மண்டபமான டவுன்ஹோலுக்கு ஒரு முஸ்லிம் பெண் தனியாகப் போக முடியாது. தம்பி வர மறுத்துவிட்டான். கடைசியில் கூட வந்தவர் யார் தெரியுமா? அதே அலவி ஹாஜியார்தான். செய்ததைச் சரிக்கட்ட வந்தாரா, அவள் அதிகம் பேசிவிடாமல் பார்த்துக்கொள்ள வந்தாரா என்று கேட்டால் அவருக்கே தெரிந்திருக்காது. டிராம் மாறி, இறங்கி நடந்து, அந்த வெள்ளைத் தூண்களுக்கு நடுவே ஏறிப் போனார்கள். பொதுமக்களைப் பார்க்கும் நாள். உட்காரும் வாங்குப் பலகை நிறைய ஆட்கள்.

மேயர் மரியாதையான மனிதர். எழுந்து நின்றார், நாற்காலி போடச் சொன்னார். ஜவாஹிறா தமிழில் சொன்னாள். ஹாஜியார் சிங்களத்தில் சொன்னார். அவள் ‘யார் சொல்லியிருக்கவேண்டும்’ என்று கேட்டது, ஹாஜியார் வாயில், இந்தப் பெண் மிகவும் மனம் நொந்திருக்கிறாள் என்று மாறிப் போனது. மேயரின் முகம் இளகியது. குடும்பத்தாருக்கு முறைப்பாடு இல்லை என்று முன்பே பெருந்தன்மையாகச் சொன்னதற்கு நன்றி என்றார். ஏதாவது உதவி வேண்டுமா என்றும் கேட்டார். ஹாஜியார் அதைத் தமிழில் சொல்லத் தொடங்கினார்.

அவளுக்கு அந்தச் சிங்களம் முழுக்கப் புரிந்தது. வாயைத் திறந்தால் பள்ளிவாசல் தர்மகர்த்தா ஒருவரை, வாப்பா வயதில் ஒருவரை, பிற ஆட்கள் முன்னால் பொய்யராக்க வேண்டும். பிறகு தோட்டத்தில் குழாயடிப் பேச்சு நிற்பது மட்டுமாக இராது. அது தெரிந்தும் திறந்தாள்.

“மம கிவ்வே நே, மஹத்தயா.” நான் சொல்லவில்லை ஐயா. “மகென் ஏஹுவெத் நே.” என்னிடம் கேட்கவும் இல்லை.

ஹாஜியாரின் கை தாடியிலேயே நின்றுவிட்டது. மேயர் அவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவள் ஒத்திகை பார்த்த அத்தனையையும் சிங்களத்தில் சொன்னாள். அழுகை வரும் இடத்தில் நிறுத்தவில்லை. கேள்வியையும் கேட்டாள். அடுத்த சபைக் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் பதில் சொல்கிறேன் என்றார் மேயர்.

திரும்பும்போது ஹாஜியார் டிராமில் முன் ஆசனத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். அதன் பிறகு அவர் அவளோடு கதைக்கவில்லை. ஹாஜியாரையே மேயர் முன்னால் தலைகுனிய வைத்தவள் என்று பெயர் பரவியது. ‘மேயர் ராத்தா’ என்ற பட்டம் வந்தது அப்போதுதான். தம்பி அரிசி அனுப்புவதை நிறுத்திவிட்டு, வந்து எங்களோடு இரு, இந்த வெட்கக்கேட்டை விடு என்று ஆள் அனுப்பினான். அவள் போகவில்லை.

கூட்டத்து நாளில் தனியாகவே போனாள். பார்வையாளர் மாடத்தில் பெண் என்று அவள் ஒருத்திதான். பேச்சு முழுக்க இங்கிலீஷ். பக்கத்தில் வந்து உட்கார்ந்தவனின் பேர் பற்றிக், நகரசபை எழுத்தர்களில் ஒருவன், கொட்டாஞ்சேனை மாதா கோயில் பக்கத்தவன். அவளை யாரென்று கண்டுகொண்டு மெல்லிய குரலில் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தான். மேயர் எழும்பினார். சம்பவம் வருந்தத்தக்கது. நிர்வாகம் ஆராய்ந்தது. காவலில் நின்ற கொன்ஸ்டபிள் மேலிடத்தில் கேட்டறியாமல் கடமையில் தவறியிருக்கிறான். அவனை வேலையிலிருந்து நீக்கும்படி பொலிஸுக்கு எழுதியாகிவிட்டது. சபை மேசையைத் தட்டி ஆமோதித்தது.

பற்றிக் சொல்லி முடிப்பதற்குள் ஜவாஹிறா எழுந்துவிட்டாள். தலையிலிருந்து தொப்பியைக் கழற்றி அழுத அந்தப் பொடியன்! தடியைப் போட்டுவிட்டு ஓடிய ஒரே ஆள்! பெரியவர்கள் எல்லாரும் சேர்ந்து பூசி மெழுகி, பழியைத் தூக்கிக் கடைசியில் நின்றவன் தலையில் கட்டிவிட்டார்கள். அதற்கு அவளையே கருவியாக்கிவிட்டார்கள்.

“ஏயா நெவெய்!” என்று கத்தினாள். அவன் இல்லை! “அவனுக்குச் செல்லாம விட்டது யாருண்டு கேட்டேன்! நிண்டவன் யாருண்டு கேக்கல்ல!” பாதி சிங்களம், பாதி தமிழ். மண்டபம் முழுக்க அண்ணாந்து பார்த்தது. மேயரும் பார்த்தார். மணி அடித்தது. பியூன்மார் இருவர் வந்து, தொடாமல், ஆனால் வழி விடாமல், அவளைப் படியிறக்கி வெளியே கொண்டுபோய் விட்டார்கள்.

அவள் வெளிப்படியில் உட்கார்ந்தாள். இத்தனையும் செய்து ஓர் ஏழைத் தாயின் மகனுடைய வேலையைப் பறித்ததுதான் மிச்சம் என்று நினைத்தபோது, மஷூர் செத்த அன்று கூட வராத ஒரு வெறுமை வந்தது. திரும்பிப் போனால் கதவைத் தட்ட ஆள் இல்லை. இங்கேயே இருந்தாலும் ஏனென்று கேட்க ஆள் இல்லை.

நெடுநேரம் கழித்துப் பற்றிக் ஓடிவந்தான்.

“அக்கா, நீங்கள் போன பிறகு மேயர் திரும்ப எழும்பினவர்.”

“இன்னும் யாரத் தண்டிக்கப் போறாராம்?”

“இல்லை அக்கா, கேளுங்கோ. அவர் சும்மா கனநேரம் நிண்டவர். பிறகு சொன்னார், நான் இப்ப சொன்னது முழு உண்மையில்லை எண்டு. வழியைத் திறக்கலாமெண்டு சுகாதார டொக்டர் தனக்குத்தான் டெலிபோனில சொன்னவராம். பொலிஸ் பெரியவருக்குச் சொல்லவேண்டியவர் மேயர்தானாம். ஒரு விருந்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாராம், பிறகு சொல்லுவம் எண்டு விட்டு மறந்துபோனாராம். கொன்ஸ்டபிளில குற்றமில்லை, எழுதினதைத் திருப்பி எடுக்கிறன், பிழை என்னுடையது எண்டார். நான் மறந்ததால ஒரு மனிசன் செத்துப்போனான் எண்டும் சொன்னவர். ஒருத்தரும் மேசையைத் தட்டேல்லை.”

ஜவாஹிறா படியிலிருந்து பாதி எழும்பி மறுபடி உட்கார்ந்தாள்.

“மறந்துட்டாராமா?”

“ஓம் அக்கா.”

பகைமை இருக்கும், லஞ்சம் இருக்கும், ஏழைகள் என்ற இளக்காரம் இருக்கும் என்று என்னென்னவோ எண்ணி அவள் அந்தச் சுவரைப் பார்த்துப் பேசியிருந்தாள். மறதி என்று ஒரு நாளும் எண்ணவில்லை.

“அவர் பேர சென்னாரா? மஷூருண்டு?”

“சொன்னவர். பேரைத் தெளிவாச் சொன்னவர்.”

“யாரப் பாத்துச் சென்னாரு?”

“நீங்கள் இருந்த இடத்தைப் பாத்துத்தான் அக்கா சொன்னவர். நீங்கள் அங்க இல்லை எண்டது அவருக்குத் தெரியும். எண்டாலும் அங்கதான் பாத்தார்.”

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். விசாரணை நடந்தபோது அவள் திரைக்குள் இருந்தாள். பதில் வந்தபோது படியில் இருந்தாள். ஊர் முழுக்க நாளைக்குப் பத்திரிகையில் படிக்கும், சபை முழுக்கக் கேட்டுவிட்டது. கேட்டவள் மட்டும் கேட்கவில்லை.

“தம்பி, அவர் சென்னத இன்னொருக்காச் செல்லுங்க. மெதுவாச் செல்லுங்க.”

பற்றிக் அவளுக்கு ஒரு படி கீழே உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினான்.